சத்தம் போடாமல் வந்த தபால்

ரேஷன் கார்டு, மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாமனாரின் இறப்புச் சான்றிதழ், பட்டா நகல், அத்தையின் முதியோர் பென்ஷன் தாள்கள், எங்கள் கல்யாண ஆல்பம். எல்லாவற்றையும் 25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்றில் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்து ஊத்துக்குளியில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கோர்ட் அமீனா வருவார், போலீஸ் பாதுகாப்போடு வீட்டை ஜப்தி செய்து சீல் வைப்பார் என்று ஒருவர் போனில் சொல்லியிருந்தார். நம்பாமல் இருக்க முடியவில்லை. எங்கள் முகவரியைக் கதவு எண்ணோடு மனப்பாடமாக ஒப்பித்தார்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அத்தை வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். யார் வந்தாலும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். மூன்று மணிக்குக் கோலமாவு விற்கிறவர் வந்தார். வேறு யாரும் வரவில்லை.

அது 2022 டிசம்பர். அந்தப் போன் ஒரு கிரெடிட் கார்டு பாக்கிக்காக வந்தது. பாக்கி 84,000 ரூபாய். கார்டு பாக்கிக்காக ஒரு போன் போட்டு யார் வீட்டையும் ஜப்தி செய்துவிட முடியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வீட்டை உண்மையிலேயே எடுக்கக்கூடியவர்கள் எங்களை ஒரு தடவைகூட மிரட்டியதில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

திருப்பூர் பதினைந்து வேலம்பாளையத்தில் இரண்டரை சென்ட் இடத்தில் எங்கள் வீடு. 2018 தொடக்கத்தில் ஒரு வங்கியில் 18 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினோம். 15 வருடம், மாதம் 18,796 ரூபாய் தவணை. வருமானம், வாடகை ஷெட்டில் ஓடிய பன்னிரண்டு மெஷின்களிலிருந்து: பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக். பனியன் கம்பெனிகளிடமிருந்து கட்டிங் பீஸ் வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். நான் செக்கிங்கும் கணக்கும் பார்த்தேன். வங்கியில் என்னையும் கோ-அப்ளிகண்ட் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருபத்து மூன்று இடத்தில் போட்டேன். எத்தனை இடம் என்று எண்ணினேனே தவிர, எதில் போடுகிறேன் என்று படிக்கவில்லை.

கொரோனா வந்தபோது ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணையைத் தள்ளிப்போட வழிசெய்தது. நிம்மதியாக இருந்தோம். அந்த ஆறு மாத வட்டி அசலோடு போய்ச் சேர்ந்துகொண்டது பிறகுதான் தெரிந்தது. அடுத்து நூல் விலை ஏறியது. 2022 மே மாதம் அதைக் கண்டித்துத் திருப்பூர்க் கம்பெனிகள் கதவை அடைத்த நாட்கள் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய கம்பெனி கதவை அடைத்தால் அது செய்தி. எங்கள் மாதிரி ஜாப் ஒர்க் ஷெட்டுக்கு அதற்குப் பிறகும் பல மாதம் கதவு பாதிதான் திறந்தது. ஆட்களுக்கு வாரக்கூலி கொடுக்க ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்திருந்தோம். மளிகையும் மெஷின் ரிப்பேரும் கார்டில் ஓடின.

ஆக, மூன்று கடன். இதில் சத்தம் போட்டவை இரண்டு.

கார்டுக்காகப் பேசியவர்கள் காலை ஏழு மணிக்கே ஆரம்பிப்பார்கள், ராத்திரி ஒன்பதரை வரை விடமாட்டார்கள். ஒருவர் எஸ்ஐ என்றார். ஒரு பெண் ஹைகோர்ட் வக்கீல் என்றார். என் கொழுந்தனாருக்குப் போன், எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி முதலாளிக்குப் போன். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது: மேலே தராசுப் படம், சிவப்பு எழுத்தில் 'இறுதி எச்சரிக்கை', கீழே டெல்லி முகவரி. அதில் லோக் அதாலத், கைது வாரண்ட், சொத்து ஜப்தி மூன்றும் ஒரே பத்தியில் இருந்தன. பைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் நேரில் வருவார்கள். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டைப் பார்த்தபடி, எதிர்வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். இது ஒரு கலை. எங்களிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசாமலே தெரு முழுக்க எங்களைப் பற்றிப் பேசவைத்துவிட்டுப் போவார்கள்.

அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் பணம் கட்டினோம். நவம்பரில் வீட்டுத் தவணைக்கு வைத்திருந்த பணத்தில் 15,000 கார்டுக்குப் போனது. டிசம்பரில் பைனான்ஸ் கம்பெனிக்கு. ஜனவரியில் இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம். வீட்டுக்கடன் வங்கியிலிருந்து மாதம் ஒரு குறுஞ்செய்தி, எப்போதாவது ஒரு பெண் குரல், "மேடம், உங்க இஎம்ஐ பெண்டிங் இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடும். பாவம், நல்ல மனுஷங்க, கொஞ்சம் பொறுத்துக்குவாங்க என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

2023 மார்ச் தொடக்கத்தில் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு ஒட்டியது. வீட்டுக்காரர் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று. நான் ஷெட்டில் இருந்தேன். அத்தை வாங்க மறுத்துவிட்டார். சாயங்காலம் நான் வந்ததும் என்னிடமும் சொன்னார்: "அதையெல்லாம் வாங்காத கண்ணு. கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான் வம்பு. வாங்கலீன்னா நம்மளுக்குத் தெரியாதுன்னு ஆயிப்போயிரும்." எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். மறுநாள் தபால்காரர் திரும்ப வந்தபோது நானும் வேண்டாம் என்றேன்.

பதினாறு நாள் கழித்து வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சத்தமில்லை. கேட் கம்பியில் ஒரு நோட்டீஸை ஒட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள்தான் அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள். 2002ஆம் வருடத்துச் சட்டம், பிரிவு 13(2). மொத்தக் கடன் பாக்கி 16 லட்சத்துச் சொச்சத்தை 60 நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கீழே கண்ட சொத்து. 'கீழே கண்ட சொத்து' என்ற இடத்தில் எங்கள் வீட்டின் நான்கு எல்லைகள் இருந்தன. வடக்கே இன்னாருடைய இடம், தெற்கே 20 அடி ரோடு.

நாலு தவணைதானே பாக்கி, ஏன் 16 லட்சம் கேட்கிறார்கள் என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கம்பெனி செக்கிங் டேபிளில் என்னோடு முன்பு வேலை செய்த ஓர் அக்கா சொல்லித்தான் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். காசு இல்லாதவர்களுக்கு அரசு வக்கீல் வைத்துக் கொடுக்கும் இடம். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள் என்று தாசில்தார் ஆபீஸுக்கு அலையத் தயாராகியிருந்தேன். பெண்களுக்கு அது தேவையே இல்லையாம். 1987ஆம் வருடச் சட்டப்படி எந்தப் பெண்ணும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இருபத்து மூன்று கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட பிறகு, பெண்ணாகப் பிறந்ததால் கிடைத்த முதல் சலுகை இது என்று தோன்றியது.

எனக்குக் கொடுத்த வக்கீலுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். பையில் இருந்ததை எல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். பிடிஎஃப் பிரிண்டுகள், கூரியர் கவர்கள், கேட்டிலிருந்து கிழித்தெடுத்த நோட்டீஸ். ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். இடதுபக்கம் மலைபோல. வலதுபக்கம் ஒரே ஒரு நோட்டீஸ், கூடவே பைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒரு தாள்.

"அக்கா, எதைப் பார்த்துப் பயந்தீங்க?"

இடதுபக்கத்தைக் காட்டினேன்.

"இதுல பயப்பட ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் இருக்கிறது ரெண்டே காகிதம். அதுல ஒண்ணைத்தான் நீங்க வாங்கவே மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க."

அடமானம் வைத்த கடன், வைக்காத கடன் என்று கடனில் இரண்டு ஜாதி உண்டு. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கொடுத்த வங்கிக்கு, அந்த 2002ஆம் வருடச் சட்டம் ஒரு தனி அதிகாரம் தருகிறது. சர்ஃபாசி சட்டம் என்பார்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு வங்கி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் கொடுத்து, தானே சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். நாலு தவணை தவறியதற்கு மொத்தக் கடனையும் திருப்பிக் கேட்பதும் அதனால்தான். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் செல்லாது. கடனில் பெரும்பகுதி அடைந்து, பாக்கி 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தாலும் செல்லாது. எங்களுக்கு இரண்டும் இல்லை.

கார்டுக்கும் பர்சனல் லோனுக்கும் இந்த அதிகாரம் கிடையாது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போட்டு, சம்மன் வந்து, நாம் பதில் சொல்லி, தீர்ப்பாகி, அதற்குப் பிறகு நிறைவேற்று மனு போட்டால்தான் அமீனா என்ற மனிதரே கதைக்குள் வருகிறார். அரிசிச் சாக்கை ஊத்துக்குளிக்கு அனுப்பினேனே, அந்த ராத்திரிக்கும் உண்மையான அமீனாவுக்கும் இடையில் குறைந்தபட்சம் இத்தனை படிகள் இருந்தன. சம்மன் நிஜமா என்று பார்ப்பதும் சுலபம். அதில் எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண் என்று இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் நம் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். என் மகள் இடதுபக்கக் குவியல் முழுவதையும் அப்படித் தேடினாள். ஒன்றுகூட இல்லை. லோக் அதாலத் என்பது இரண்டு தரப்பும் சம்மதித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம். அங்கே போகாததற்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள்.

கைது பற்றியும் கேட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் செய்தது அதுதான். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை, சிவில் விவகாரம் என்றார் வக்கீல். கையில் பணம் இல்லாத ஏழையைக் கடனுக்காக மட்டும் சிறையில் போட முடியாது என்று 1980லேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாராம். பணம் இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவன் கதை வேறு.

ஆனால் வலதுபக்கம் இருந்த இரண்டாவது தாளைக் காட்டி அவர் குரலை மாற்றினார். பர்சனல் லோன் வாங்கும்போது மூன்று செக்கில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். அதில் ஒன்றை வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பியிருந்தது. செக் திரும்பினால் 138ஆவது பிரிவு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் கிரிமினல் கோர்ட்டில் வழக்குப் போடலாம். இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதமோ விதிக்க இடம் இருக்கிறது. தவணைக்காக வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் வைத்து அது திரும்பினாலும் ஏறக்குறைய இதே கதைதான். "இந்த வழக்குகள் பெரும்பாலும் பணத்தைக் கட்டிச் சமரசமா முடியும். ஆனா சம்மன் வந்து போகாம விட்டீங்கன்னா வாரண்ட் வரும். வாரண்ட் கடனுக்கு இல்லக்கா, கோர்ட் கூப்பிட்டுப் போகாததுக்கு." இந்த வித்தியாசத்தை எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

பிறகு நாள் கணக்குப் பார்த்தார். 60 நாள் என்பது நோட்டீஸில் போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது. தபாலை மறுத்ததில் தொடங்கி அவரைப் பார்க்கப் போவதற்குள் எங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் போயிருந்தது. மறுத்தால் தெரியாமல் போய்விடும் என்பது பொய். மறுத்ததையே தபால்காரர் எழுதிக் கொடுத்துவிடுவார், அப்புறம் வாசலில் ஒட்டுவார்கள், பேப்பரிலும் போடலாம். தெருவுக்குத் தெரியக்கூடாது என்று தபாலை மறுத்தோம். அதனாலேயே தெருவுக்குத் தெரிந்தது.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும் உரிமை நமக்கு உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடன்காரர் சொல்வதையும் வங்கி காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்: நாம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தரவேண்டும். நான் தமிழில் எழுதினேன். அழுகை எதுவும் எழுதாதீர்கள், கணக்கு எழுதுங்கள் என்றார். எந்தெந்த மாதம் கட்டவில்லை, ஏன், இப்போது மாதம் எவ்வளவு வருகிறது, நிலுவையை எந்தத் தேதிக்குள் கட்ட முடியும், கணக்கு விவர நகல் வேண்டும். ஒன்றரைப் பக்கம். நேரில் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொண்டோம்.

கணக்கு விவரம் வந்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. பிப்ரவரியில் 10,000 கட்டியிருந்தோம். அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருமுறை வாராக்கடன் ஆகிவிட்டால், நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் கட்டிவிட்டோமே என்ற ஆறுதல் நமக்குத்தான், கணக்குக்கு இல்லை.

வங்கியில் மேலாளரைப் பார்த்தேன். மெலிந்த மனிதர், எங்கள் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர் அவர் இல்லை, வேறு ஊரிலிருக்கும் ஓர் அதிகாரி. "மேடம், உங்க வீட்டை வெச்சு நாங்க என்ன பண்றது? எங்களுக்குத் தவணைதான் வேணும்" என்றார். அவரை நம்பினேன். நம்பிக்கையோடு கடிதமும் கேட்டு வாங்கு என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். நிலுவை, அபராதக் கட்டணம், நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்த்துக் கட்டினால் மேல் நடவடிக்கையை நிறுத்துவோம் என்று எழுத்தில் வந்தது.

அதற்குள் மே மாதம் நெருங்கி ஆறு தவணை சேர்ந்துவிட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம். இரண்டு ஓவர்லாக்கையும் ஒரு பேட்லாக்கையும் விற்றோம். என் நாலு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஐம்பத்து நான்காம் நாள் கட்டினோம். சலான் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன்.

கட்டியிருக்காவிட்டால்? என்னை அனுப்பிவைத்த அந்த அக்கா வீட்டில் அது நடந்துகொண்டிருந்தது. 60 நாள் முடிந்ததும் வங்கி சுவாதீன நோட்டீஸ் ஒட்டியது. இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று தமிழில், விளம்பரம் வந்தது. அன்றைக்கே வெளியேற வேண்டும் என்று அவர்கள் நினைத்து வாடகை வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அது காகிதத்தில் மட்டும் எடுக்கும் சுவாதீனம். ஆட்களை வெளியேற்றிப் பூட்ட, வங்கி கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் நாம் முறையிடலாம். எங்கள் பகுதிக்கு அது கோவையில் இருக்கிறது. மதுரையில் ஒன்று, சென்னையில் மூன்று. ஏலத்துக்கு முன் 30 நாள் நோட்டீஸ் உண்டு. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏலம் நடக்கும் நாள் வரை பணம் கட்டி மீட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2016இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஏல அறிவிப்பு வெளியானதோடு அந்த உரிமை முடிகிறது. அந்த அக்கா குடும்பம் அதற்கு முன்னாலேயே வங்கியின் எழுத்துச் சம்மதத்தோடு தாங்களாகவே வீட்டை விற்றுக் கடனை அடைத்தது. ஏலத்தில் போவதைவிட நல்ல விலை. இப்போது அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்கள். தினமும் பழைய வீட்டைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும்.

வீடு போகப்போகிறது என்று வாசம் பட்டால் சிலர் வருவார்கள். ஒருவர் 40,000 கொடுத்தால் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்றார். வக்கீல் இல்லை, வக்கீலைத் தெரிந்தவர். தீர்ப்பாயம் ஸ்டே கொடுத்தாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் கொடுக்கும் என்று அவர் சொல்லவில்லை. இன்னொருவர் எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் மூலமாக வந்தார். பாக்கி முழுவதையும் தானே வங்கியில் கட்டிப் பத்திரத்தை மீட்டு விடுவாராம், வட்டியை மெதுவாகத் தந்தால் போதுமாம். "நம்பிக்கைக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். அத்தை காறித் துப்பினார், வெற்றிலைச் சாறு வந்தவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. ஆனால் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பவர் பத்திரம் வைத்து வீட்டை வேறு பெயருக்கு மாற்றிவிட்டால், சட்டத்தைக் காட்டி அதைத் திரும்ப வாங்குவதற்குள் ஆயுள் போய்விடும். வங்கியிடம் இருந்த கெடுவும் தீர்ப்பாயமும் ஏல நோட்டீஸும் அங்கே எதுவும் இல்லை.

இனி சத்தக்காரர்கள். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது, மிரட்டவோ நாலு பேர் முன் அவமானப்படுத்தவோ கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடியும் எழுதியது. வருகிற ஆளிடம் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் இருக்கவேண்டும். ஏஜென்ட் செய்கிற தப்புக்கு வங்கிதான் பொறுப்பு. நான் அதுவரை போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு எழுத ஆரம்பித்தேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண், என்ன சொன்னார். ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து, மகளை விட்டு மின்னஞ்சலில் கார்டு வங்கியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரி. அதற்குச் செலவில்லை, 14448இல் விவரம் கிடைக்கும். ஒன்பது நாளில் எஸ்ஐயும் ஹைகோர்ட் வக்கீலும் காணாமல் போனார்கள். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமும் மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதிலும் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

கடன் போய்விடவில்லை, குரல்தான் போனது. செக் நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் கொடுத்து, பைனான்ஸ் கம்பெனியோடு பேசி, 1,10,000க்கு மூன்று தவணையில் முடித்தோம். பேசி முடித்ததும் அங்கிருந்த பையன் தன் சொந்த எண்ணுக்கு ஜிபே போடச் சொன்னான். கம்பெனிக் கடிதம் கைக்கு வரும் வரை ஒரு ரூபாய் போடவில்லை. மூன்று செக்கையும் திரும்ப வாங்கினேன். சிபிலில் 'முழுமையாகக் கட்டி முடித்தது' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். சில வருடம் யாரும் எங்களுக்குக் கடன் தரமாட்டார்கள். அது தண்டனை என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவர் எழுதவேண்டாம் என்றார். ஒன்றை மட்டும் சொல்ல அனுமதித்தார். நோட்டீஸ் ஒட்டிய வாரம் அவர் சாப்பிடவில்லை, பேசவில்லை, ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பார். நான் விளக்கு போடாமல் படியில் உட்கார்ந்திருப்பேன். 2017இல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே தீக்குளித்த செய்தி எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மகள்தான் 104க்குப் போன் போட்டு, போனை அவர் காதில் வைத்தாள். நாற்பது நிமிஷம் பேசினார். கீழே இறங்கி வந்து, "ஏ புள்ள, ரசம் இருக்கா?" என்றார். 14416 என்ற எண்ணிலும் அப்படிப் பேசலாம் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. எங்களுக்குப் பீஸ் கொடுக்கும் கம்பெனிக்குப் பாதி ஆர்டர் நின்றது. இந்த முறை தவணை தவறும்வரை காத்திருக்கவில்லை. தவணைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, ஒன்றரைப் பக்கம் எழுதி வங்கிக்குப் போனேன். மேலாளர் மாறியிருந்தார். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறேன், மேலே அனுப்பியிருக்கிறேன் என்கிறார். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பதிவுத் தபால் என்ற ஒன்றே இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. எந்தத் தபால் வந்தாலும் அத்தை தபால்காரரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, என்னை ஷெட்டிலிருந்து கூப்பிட ஆள் அனுப்புகிறார்.

வங்கியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. 5ஆம் தேதித் தவணைக்கு 4,200 ரூபாய் குறைகிறது. சனிக்கிழமை கம்பெனியில் பில் போடுவார்கள்.